ஸ்கெரோ கோட்டையின் இடது மூலை

அத்தியாயம் 6

படத்திலிருந்த கோட்டை, நிஜக் கோட்டையைவிட அழகாக இடிந்திருந்தது.

நிஜத்தில் ஸ்கெரோ கோட்டை என்பது நாலு மொட்டைச் சுவர், ஒரு அரைக் கோபுரம், நிறைய ஆட்டுப் புழுக்கை. படத்தில் கருமேகம் கிழிந்து ஒரு மஞ்சள் வெளிச்சம் கோபுரத்தின் உடைந்த ஜன்னலில் விழுந்திருந்தது. கீழே கடல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மூன்று பெண்கள் ஒரு படகைக் கரையேற்றப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள். இதை வரவேற்பறையில் மாட்டினால் எந்த விருந்தாளியும் இரண்டாவது டீ கேட்கமாட்டான்.

"பார்த்தாச்சா? நான் பீரோவைப் பூட்டணும்" என்றார் இன்ஸ்பெக்டர் பெல்ச்சர். லண்டனிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகிறது. இன்னும் எங்கள் வடகடல் குளிரை அவர் மன்னிக்கவில்லை.

"இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றார் மிஸ் ஹெரான், படத்திலிருந்து மூக்கை எடுக்காமல்.

மிஸ் ஹெரான் என் முதலாளி. துறைமுகச் சுங்கத்தில் இருபத்தாறு வருடம் அடுத்தவர் பெட்டிகளைக் கிளறிவிட்டு, ஓய்வு பெற்றபின் அடுத்தவர் ரகசியங்களைக் கிளற நியூகாசிலில் ஆபீஸ் திறந்தவர். நான் ரால்ஃப் டாட், முன்னாள் பஸ் கண்டக்டர். யார் டிக்கெட் வாங்கவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே சொல்வேன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். அன்றைய நாள் முடிவதற்குள் அந்தத் திறமையின் லட்சணம் தெரிந்துவிட்டது.

விவகாரம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன், ஊர்ப் பெரிய வீட்டுக்காரரான ஆஸ்வால்ட் லம்லி கோட்டைக் கோபுரத்தின் அடியில் மண்டை உடைந்து கிடந்தார். மறுநாளே இந்தப் படம் கத்பர்ட் ஆர்ச்போல்ட் என்ற மீனவரின் வலைக் கொட்டகையில் அகப்பட்டது. அது எங்கள் பரம்பரைப் படம், லம்லி பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டு வாங்கிப்போனார், எப்படித் திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியாது என்றார் கத்பர்ட். லம்லியோ சாவதற்கு ஒரு வாரம் முன்பு லண்டன் ஏலக்காரர்களுக்கு எழுதிய கடிதத்தில் 'எங்கள் குடும்பச் சொத்து' என்று எழுதியிருந்தார். செத்தவரின் கடிதத்துக்கு மரியாதை அதிகம்.

சண்டையில் பிடித்துத் தள்ளி ஆள் செத்தால் ஜெயில். திருடப் போன இடத்தில் கொன்றால் தூக்கு. அதாவது கத்பர்ட்டின் கழுத்து, இந்தப் படம் யாருடையது என்பதில் இருந்தது. திங்கட்கிழமை விசாரணை. அன்று வியாழன்.

"சிம்பிளா ஒரு டெஸ்ட் வச்சேன் மிஸ் ஹெரான்" என்றார் பெல்ச்சர். "'உன் வீட்டுப் படம்னு சொல்றியே, பார்க்காமச் சொல்லு, அதுல என்னென்ன இருக்கு?' கோட்டைன்னான். கடல்ன்னான். படகு, மூணு பொம்பளைங்கன்னான். 'இடது பக்கம், கீழ் மூலைல?'ன்னேன். 'துணி'ன்னு ஏதோ உளறினான். படத்துல துணி எங்கங்க இருக்கு? 'என்னடா துணி, ஒழுங்காச் சொல்லு'ன்னேன். அதோட வாய் மூடிடுச்சு. நாப்பது நிமிஷம் ஆச்சு. ஒரு வார்த்தை வரல."

"அவர் மனைவி?"

"அதே மூலை, அதே மௌனம். பக்கத்து வீட்டுக்காரங்க ஆறு பேர். அதே கதை. பேசி வச்சுட்டுத்தான் வந்திருக்காங்க, ஆனா அந்த மூலையை மறந்துட்டாங்க."

நான் அந்த மூலையைப் பார்த்தேன். ஒரு பன்றி நின்றது. நன்றாகக் கொழுத்த வெள்ளைப் பன்றி. புயல், இடிந்த கோட்டை, கதறும் பெண்கள் என்று எதையும் கண்டுகொள்ளாமல் வாலைச் சுருட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தர்கூடவா சரியாச் சொல்லல?" என்றார் மிஸ் ஹெரான்.

"ஒரே ஒருத்தர். உங்களைக் கூட்டிட்டு வந்திருக்காரே, ஸ்கூல் வாத்தியார் விட்காம். பன்னி, அதோட வால், அது எந்தப் பக்கம் பார்க்குது, எல்லாம் சொன்னார். பதினஞ்சு வருஷமா கத்பர்ட் வீட்ல பார்க்கறாராம். வீட்டுக்காரனுக்கே தெரியாதது விருந்தாளிக்குத் தெரியுதாம்! சிநேகிதன் சாட்சி ஜூரி முன்னாடி நிக்காது. லம்லி வீட்ல எட்டிப் பார்த்திருப்பார்னு சொல்லுவாங்க."

"இங்க வந்து பார்த்தாரா?"

"கெஞ்சினார். நான் காட்டல. என்னையும் ரெண்டு கான்ஸ்டபிளையும் தவிர இதைப் பார்த்தது நீங்க ரெண்டு பேர்தான்."

மிஸ் ஹெரான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அது கெட்ட சகுனம். "ரால்ஃப், உனக்கு என்ன தெரியுது?"

"படம் பூரா பழுப்பேறிக் கிடக்கு பாஸ். அடுப்புப் புகைல நூறு வருஷம் இருந்த மாதிரி. இந்தப் பன்னி மட்டும் இப்பதான் குளிச்சிட்டு வந்திருக்கு."

"அதைச் சுத்தி?"

நாலு சின்ன ஓட்டைகள். நாலு மூலைக்கு நாலு.

"பூச்சி அரிச்சிருக்கு" என்றார் பெல்ச்சர்.

"சதுரமாவா?" என்று கேட்டுவிட்டு மிஸ் ஹெரான் மேல்கோட்டு மாட்டிக்கொண்டார்.

* * *

விட்காம் வெளியே காரில் காத்திருந்தார். ஐம்பது வயது, ஒல்லி, தோளில் சாக்பீஸ் தூள். வெளியூர்க்காரர். ஸ்கெரோவில் இருபது வருடமாகப் பாடம் நடத்தியும் ஊர் அவரை இன்னும் வெளியூர்க்காரர் என்றுதான் சொல்கிறது. கத்பர்ட்டைக் காப்பாற்றுங்கள் என்று போன வாரம் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தவர் இவர்தான். பேசும்போது அழுதார். டிக்கெட் வாங்கிய முகம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

கடலோரச் சாலையில் மூட்டம் இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கலங்கரை விளக்கின் சங்கு நிமிஷத்துக்கு ஒருமுறை ஊதியது. ஊதி முடித்ததும் வரும் அமைதி அதைவிட மோசம்.

"படம் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார் விட்காம்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு" என்றார் மிஸ் ஹெரான். "பன்னி உட்பட."

விட்காம் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "எனக்கு அந்தப் படத்துலயே பிடிச்சது அதுதாங்க. ஊரே அழியுது, அது பாட்டுக்கு நிக்குது பாருங்க. எனக்கும் அப்படி நிக்கணும்னு ஆசை."

"லம்லி வீட்ல நீங்க பார்த்திருப்பீங்கன்னு இன்ஸ்பெக்டர் சொல்றார்."

"அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிச்சதே இல்ல. ஊர்ல யாரை வேணா கேளுங்க. கோட்டைக்குப் போற பாதையை அவர் வேலி போட்டு மறிச்சதுலேர்ந்து பேச்சுவார்த்தையே கிடையாது."

மிஸ் ஹெரான் தலையாட்டினார். கார் ஊருக்குள் இறங்கியது.

ஹன்னா ஆர்ச்போல்ட்டின் அடுக்களை வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. மேசை நிறைய மட்டிச் சிப்பிகள். மறுநாள் தூண்டில் கயிற்றுக்கு ஒவ்வொரு கொக்கியாக இரை கோத்துக்கொண்டிருந்தாள் ஹன்னா. புருஷன் ஜெயிலில், பிள்ளைகள் ராபினும் நெட்டும் விடியற்காலையிலேயே படகேறிவிட்டார்கள். ஆயிரத்து நானூறு கொக்கி, ஒற்றை ஆள். கண் சிவந்திருந்தது. கை மட்டும் நிற்கவேயில்லை.

"உக்காருங்கம்மா. வாத்தியாரே, அந்த நாற்காலில துணி கிடக்கு, தள்ளிட்டு உக்காருங்க." எங்களுக்கு டீ வந்தது. தட்டில் ரொட்டியும் வறுத்த பேக்கனும் வந்தது. நான் மரியாதைக்காரன், வைத்ததை மிச்சம் வைக்கமாட்டேன்.

விட்காம் உட்காரவில்லை. "கரி தீர்ந்துடுச்சு போல, நான் கொண்டு வரேன்" என்று வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். இந்த மூன்று வாரமாக இந்த வீட்டுக்கு விறகும் கரியும் அவர்தான்.

அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு வெளிறிய செவ்வகம் இருந்தது. அங்கேதான் படம் மாட்டியிருந்ததாம். அங்கே எது மாட்டியிருந்தாலும் அதே மாதிரிதான் இருந்திருக்கும் என்று பெல்ச்சர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

"ஹன்னா" என்றார் மிஸ் ஹெரான், "அந்த இடது மூலை..."

"அந்த மூலையைப் பத்தி இந்த வீட்ல பேச்சு கிடையாதும்மா."

"உங்க புருஷன் உயிர் அதுலதான் இருக்கு."

"தெரியும்." அடுத்த கொக்கி, அடுத்த சிப்பி.

எனக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து ஷூவுக்குள் தண்ணீர். ஒரு மனுஷனைத் தூக்கில் போடப்போகிறார்கள், இவர்கள் எல்லோரும் ஒரு மூலைக்குப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்னங்க பெரிய ரகசியம்? ஒரு பன்னி. அவ்வளவுதானே! பன்னின்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

ஹன்னா துள்ளி எழுந்தாள். சிப்பிகள் தரையெங்கும் சிதறின. அவள் கை பாய்ந்தது. என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று குனிந்தேன். அந்தக் கை என்னைத் தாண்டி, அடுப்புக்கு மேலே, வெறும் சுவருக்குப் போனது. அந்த வெளிறிய செவ்வகத்தின் இடது கீழ் மூலையில் இரண்டு விரலால் எதையோ தேடித் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகுதான் கீழே தாவி அடுப்பின் இரும்புக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்தாள். கம்பி சுட்டது. அவள் விடவில்லை.

"மகாபாவி" என்றாள் என்னிடம், மெதுவாக. "என் ரெண்டு புள்ளைங்களும் தண்ணில இருக்காங்கடா."

சங்கு ஊதியது. நான் வாயிலிருந்த ரொட்டியை விழுங்க முடியாமல் நின்றேன். ஹன்னா சொன்னதிலிருந்து புரிந்தது இதுதான்: அந்தப் பிராணியைப் பேக்கனாக்கித் தின்னலாமாம், பேரை மட்டும் சொல்லக்கூடாதாம். சொன்னால் கடல் கேட்டுக்கொள்ளுமாம். யாராவது சொல்லித் தொலைத்தால் உடனே இரும்பைத் தொட வேண்டுமாம். வேறு நாளாக இருந்தால் நியூகாசில் போகிற வரைக்கும் சிரித்திருப்பேன்.

"என் கொழுந்தன் கிளம்பின அன்னிக்கு ஒரு மீன் யாவாரி அந்தப் பேரைச் சொன்னான்" என்றாள் ஹன்னா. "படகு வந்தது. கொழுந்தன் வரல."

மிஸ் ஹெரான் மட்டும் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்ல சுவரைத் தொட்டீங்களே ஹன்னா. அங்க என்ன இரும்பு இருந்தது?"

"ஆணி."

"எத்தனை?"

"நாலு." ஹன்னா உட்கார்ந்தாள். கடல் ஒருமுறை கேட்டுவிட்ட பிறகு இனி மறைத்து என்ன என்று நினைத்தாளோ என்னவோ, சொல்லத் தொடங்கினாள். "என் மாமனாரோட தாத்தா, அந்தப் படக்காரரை மூணு நாள் படகுல வச்சு பாறையைச் சுத்திக் காட்டியிருக்கார். கூலிக்குப் பதிலா இதைக் குடுத்துட்டுப் போனாராம். கோட்டையை வரைஞ்சமா போனமான்னு இல்லாம, மேட்டுப் பண்ணைல எங்கயோ பார்த்த அந்த ஜென்மத்தைக் கொண்டுவந்து மூலைல நிறுத்திட்டார். குடுத்ததை வேணாம்னு சொல்ல முடியுமா? தாத்தா தார் பூசின பாய்த்துணில ஒரு துண்டு வெட்டி, அதுமேல வச்சு, நாலு இரும்பாணி அடிச்சுட்டார். அன்னிலேர்ந்து யார் அந்தப் பேரைச் சொன்னாலும் அந்த ஆணியைத் தொடறதுதான் இந்த வீட்டு வழக்கம்."

"துணி" என்றேன் நான். கத்பர்ட் உளறவில்லை. அந்த மனுஷன் தன் வீட்டுப் படத்தில் இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

"இதை ஏன் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லல?" என்றார் மிஸ் ஹெரான்.

"துணிக்குக் கீழ என்னன்னு கேப்பான். கோர்ட்ல எழுதி, எல்லார் முன்னாடியும் சத்தமாப் படிப்பான். சொல்றது நானா இருக்கும். கடல்ல இருக்கறது என் புள்ளைங்களா இருக்கும்." அவள் குரல் உடைந்தது. "ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அவங்க. நான் யாரைம்மா குடுப்பேன்?"

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. தரையில் மண்டியிட்டுச் சிப்பி பொறுக்கினேன்.

"கவலைப்படாதீங்க. அந்த நாலு ஓட்டையும் படத்துலயே இருக்கு. தார் ஒட்டின இடமும் இருக்கு. படம் இந்த வீட்டோடதுன்னு நான் நிரூபிச்சுடுவேன்" என்றார் மிஸ் ஹெரான். ஆனால் அவர் குரலில் சந்தோஷமே இல்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணு. துணிக்குக் கீழ இருக்கறதை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். நானும் பார்த்ததில்ல, கத்பர்ட்டும் பார்த்ததில்ல. அதுக்கு வால் இருக்கா கொம்பு இருக்கான்னுகூடத் தெரியாது."

"லம்லிகிட்ட குடுத்தப்போ துணி இருந்ததா?"

"நான்தானே காகிதம் சுத்திக் குடுத்தேன். இருந்தது."

"வீட்டுக்கு வர்றவங்க?"

"துணியைத்தான் பார்ப்பாங்க."

"வாத்தியார்?"

"அவரும்தான். பதினஞ்சு வருஷமா இந்த நாற்காலில உக்காந்து அந்தத் துணியைத்தான்..."

ஹன்னா நிறுத்தினாள்.

வாலைச் சுருட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நிற்கும். பதினைந்து வருடம் துணியைப் பார்த்த மனுஷனுக்கு அந்த வால் எப்படித் தெரிந்தது? லம்லி வீட்டுப் படியை மிதிக்கவில்லை. போலீஸ் காட்டவில்லை. அந்தத் துணியை யார் எங்கே பிய்த்தார்களோ, அந்த இடத்தில் அந்த நேரத்தில் அவர் இருந்திருக்க வேண்டும். காப்பாற்ற வந்து சொன்ன சாட்சிதான் அவரைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

நான் பின்கதவைத் திறந்தேன். கரி வாளி வாசலில் இருந்தது, வழிய வழிய நிரப்பி. ஆளைக் காணோம். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஈர மண்ணில் காலடி கோட்டைப் பக்கம் போயிருந்தது.

* * *

கோட்டைக்கு அரை மைல். ஆடுகள் மூட்டத்துக்குள்ளிருந்து திடீர் திடீரென்று முளைத்து முறைத்தன. பாறைகளில் கடல்நாய்கள் ஓலமிட்டன. குழந்தை அழுகிறது என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

"ஓடு ரால்ஃப்" என்றார் மிஸ் ஹெரான். "அந்த ஆள் வாய் திறக்காமச் செத்தா, கதை முடிஞ்சது."

"படம் கத்பர்ட்டோடதுன்னுதான் தெரிஞ்சுபோச்சே பாஸ்?"

"திருடலன்னுதான் ஆகும். கொல்லலன்னு யார் சொல்றது? தன் படத்தைத் திரும்பக் கேட்கப் போய்க் கொன்னான்னு பெல்ச்சர் நாளைக்கே மாத்தி எழுதுவார். ஆயுசுக்கும் ஜெயில்."

கோபுரம் மேலே எழுந்து நின்றது. படத்திலிருந்த மஞ்சள் வெளிச்சம் மட்டும் இல்லை. உள்ளே சுவரோடு சுற்றி ஏறும் படிக்கட்டு ஒரு இடத்தில் சட்டென்று முடிந்து வெறும் காற்றாகிவிடுகிறது. அந்தக் கடைசிப் படியில் விட்காம் உட்கார்ந்திருந்தார், கால்களைத் தொங்கவிட்டு. கீழே, நேர் கீழே, கடல்.

"கிட்ட வராதீங்க" என்றார், திரும்பாமலே.

"வரல" என்றார் மிஸ் ஹெரான். "எனக்கு முழங்கால் வலி. சொல்லுங்க, துணியைப் பிச்சது நீங்களா, லம்லியா?"

பதில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

"படம் எங்க நின்னு வரைஞ்சதுன்னு கண்டுபிடிக்கணும்னு லம்லி இங்க கூப்பிட்டார். ஊர் சரித்திரம் எனக்குத்தானே தெரியும்? படத்தைப் பார்க்கற ஆசைல பகையை மறந்து போனேன். பேனாக்கத்தியால துணியை நெம்பி எடுத்துட்டுச் சிரிச்சார். 'ஒரு பன்னிக்குப் பயந்து நூறு வருஷம் மூடி வச்சிருக்கானுங்க, இவனுங்களுக்கு எதுக்குப் படம்? என்னுதுன்னு லண்டனுக்கு எழுதியாச்சு'ன்னார். நான் படத்தைப் பிடுங்கினேன். அவர் இழுத்தார். தள்ளிட்டேன். கல்லு ஈரமா இருந்தது... அவ்வளவுதான்."

"படத்தைக் கொண்டுபோய்க் கத்பர்ட் கொட்டகைல வச்சீங்க."

"அவங்க சொத்து, அவங்ககிட்டயே போகட்டும்னு வச்சேன்!" கத்தினார். "நல்லது செய்யறேன்னு நினைச்சேன். அதுவே அவன் கழுத்துக்குக் கயிறா வந்துடுச்சு."

எனக்கு அந்த ஆள்மேல் ஆத்திரமும் பரிதாபமும் ஒன்றாக வந்தது. மூன்று வாரம் அந்த வீட்டுக்குக் கரி சுமந்ததற்குப் பதில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"சண்டைல தள்ளினது. தூக்கு கிடையாது" என்றார் மிஸ் ஹெரான். "இறங்கி வந்து இதையே சொல்லுங்க. யார் கழுத்துக்கும் கயிறு வராது."

"முடியாதுங்க. தினம் ராத்திரி எழுதிப் பார்க்கறேன். ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போறேன். வாய் திறந்தா வார்த்தை வரமாட்டேங்குது." அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது. "நான் கோழை. இதாவது சீக்கிரம் முடியும்."

நான் ஒரு படி ஏறினேன். கல் வழுக்கியது. எட்டமுடியாது என்று தெரிந்தது.

"விட்காம்!"

கீழே, இடிந்த வாசலில், ஹன்னா நின்றாள். ஓடிவந்ததில் மூச்சு இரைத்தது. கையில் இன்னும் சிப்பி உரிக்கும் பிசுபிசுப்பு. இதுவரை அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டிருப்பாள். பேர் சொல்லிக் கூப்பிட்டதில் அவரே திரும்பிப் பார்த்துவிட்டார்.

"வார்த்தை வரலையா உனக்கு?" என்றாள். "எனக்கும் வராத வார்த்தை ஒண்ணு இருக்கு. இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்கே, அது என்னன்னு உனக்குத் தெரியும். என் ராபின் எங்க இருக்கான், நெட் எங்க இருக்கான், அதுவும் தெரியும்."

"ஹன்னா, வேணாம்..."

அவள் சுற்றிலும் பார்த்தாள். கல். எங்கும் கல். தொடுவதற்கு ஒரு துண்டு இரும்பு கிடையாது. இரண்டு கைகளையும் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கடலைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பன்னி!"

கோபுரம் அதைத் திருப்பிச் சொன்னது. சங்கு ஊதி ஓய்ந்தது.

"சொல்லிட்டேன்" என்றாள் ஹன்னா. "என் புருஷனுக்காக என் புள்ளைங்களைப் பணயம் வச்சுச் சொல்லிட்டேன். இப்ப நீ இறங்கி வா. வந்து உன் வார்த்தையைச் சொல்லு."

விட்காம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரனுக்கு அது வெறும் ஒரு பிராணியின் பேர். அவர் அன்றைக்கு வெளியூர்க்காரராக இருக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். அப்புறம் பின்பக்கமாக நகர்ந்து, உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

கீழே வந்ததும் கோட்டுப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து ஹன்னாவிடம் நீட்டினார். உள்ளங்கை அகலத்துக்குத் தார்த்துணி. நாலு மூலையிலும் நாலு துருப்பிடித்த ஆணி. ஆணிகளின் தலை மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. நாலு தலைமுறை விரல் பட்டது. ஹன்னா அதைப் பிடுங்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

அது முக்கியமான சாட்சிப் பொருள். வேறு நாளாக இருந்தால் மிஸ் ஹெரான் உடனே உறையில் போட்டு ஒட்டியிருப்பார். அன்று, "கொஞ்ச நேரம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

* * *

தபாலாபீஸிலிருந்து பெல்ச்சருக்குப் போன் செய்துவிட்டுப் படகுத்துறைக்குப் போனோம். விட்காமும் கூடவே வந்தார். அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

காலையில் ஐந்து படகு கிளம்பியிருந்தது. நாலு வந்துவிட்டது.

"ராபின் படகைப் பார்த்தீங்களா?" என்று ஹன்னா கேட்டாள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூட்டம் இறங்கியதிலிருந்து பார்க்கவில்லை என்றார் ஒருவர்.

சாம்பல் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சங்கை எண்ணத் தொடங்கினேன். பன்னிரண்டு. பதினைந்து. போலீஸ் கார் மேட்டில் வந்து நின்றது. இறங்கி வந்த பெல்ச்சர் ஏதோ பேச வாயெடுத்தார். மிஸ் ஹெரான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பதினெட்டு. ஹன்னா வீட்டில் முதலில் அந்த வார்த்தையைச் சொன்ன நாக்கு என்னுடையது என்பது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அதை அறுத்துப் போட்டால்கூடத் தகும் என்று இருந்தது.

இருபத்து மூன்றாவது சங்குக்கும் இருபத்து நான்காவதுக்கும் நடுவே, மூட்டத்துக்குள்ளே ஒரு எஞ்சின் இருமியது.

"அம்மா!" என்று ஒரு குரல். "ஏம்மா இங்க வந்து நிக்கற? இரை கோத்தாச்சா?"

இரண்டு தடியர்களும் கரையில் குதித்ததும் ஹன்னா ஆளுக்கு ஒரு அறை வைத்தாள், லேட்டாக வந்ததற்கு. பிறகு இருவரையும் கட்டிக்கொண்டு, "அப்பா வராருடா, அப்பா வராரு" என்று ஓவென்று அழுதாள்.

விட்காம் தானாகவே பெல்ச்சரிடம் நடந்துபோனார். "நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். இந்தத் தடவை வார்த்தை வந்தது.

"கிளம்பலாமா ரால்ஃப்?" என்றார் மிஸ் ஹெரான். கோட்டுப் பையிலிருந்து கையை வெளியே எடுத்தார். அதில் எங்கள் ஆபீஸ் சாவிக்கொத்து இருந்தது. அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்ததில் சாவியின் பல்லெல்லாம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

மூடநம்பிக்கையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் முதலில் நான் என் விரல்களைப் படகு கட்டும் இரும்பு வளையத்திலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது.